பரணில் கிடக்கும் கேசட்: எதைத் தூக்கிப் போடலாம்?

பரணை ஒழிக்கும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைக்கும். உள்ளே பத்துப் பதினைந்து கேசட்டுகள். ஒன்றில் ‘இளையராஜா ஹிட்ஸ் - 2’, இன்னொன்றில் ‘பாப்பா பேசியது’ என்று பேனா எழுத்து. வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லினில் அறிமுகப்படுத்திய கேசட், பதிவு செய்வதை வீட்டு வேலையாக்கியது. எண்பதுகளில் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு லிஸ்ட்டைக் கொடுத்து, சி-60, சி-90 கேசட்டுகளில் பதிவு செய்து வாங்கியவர்கள் ஏராளம். போன் பேசினால் பணம் கரைந்த அந்தக் காலத்தில், வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் கேசட்தான் பேசும் கடிதம்.

இன்று புதிதாக எதையாவது பதிவு செய்ய கேசட் தேவையா? தேவையில்லை. நான்கு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத டேப்பில் இரண்டு பக்கமும் ஸ்டீரியோ. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகம். ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வராமல் என்ன செய்யும்? உங்கள் கையில் உள்ள போனே இதைவிடத் தெளிவாகப் பதியும். கேசட்டுக்கு மாற்றாக 1992-ல் சோனி கொண்டுவந்த மினிடிஸ்க்கும் ஓய்ந்துவிட்டது. வெற்று டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்திவிட்டது.

‘ஹிட்ஸ்’ கேசட்டை ஆசைக்கு வைத்திருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. ‘பாப்பா பேசியது’ அப்படியில்லை. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

அதை டிஜிட்டலுக்கு மாற்றும் முன், கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பழைய குரல் அழியாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம்; ஹெட் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டு, பிறகு கேளுங்கள். மலிவான ‘கேசட் டு எம்பி3’ கருவிகள் பலவற்றில் வேகம் சீராக இருக்காது, குரல் அலையும். அதைவிட, பழைய டேப் ரெக்கார்டருக்கு மெக்கானிக்கிடம் புது பெல்ட் போட்டு, ஒயர் மூலம் கம்ப்யூட்டரில் இணைப்பது நல்லது. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் போதும்.

60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. அந்த நேரம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடுவில் இருமுவது பெரியப்பாவா, சின்னத் தாத்தாவா என்று அவருக்குத்தான் தெரியும். ஃபைலின் பெயரிலேயே அதையும் எழுதிவிடுங்கள்.