சிகரெட்டை விட்டீர்களா? மாத்திரை கொடுப்பவரிடம் சொன்னீர்களா?

உங்கள் வீட்டில் யாராவது 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிடுகிறார்களா? இருதய வால்வு மாற்றியவர்கள், நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்து கட்டியவர்கள் ஆகியோருக்கு இதைக் கொடுப்பார்கள். மருத்துவமனையில் 'ஊபாட் சாயிர் டாரா' என்பார்கள். உண்மையில் இது இரத்தத்தைத் தண்ணீராக்கும் மருந்தல்ல. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இராது. 1948-இல் இது எலி மருந்தாகத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுச் செம்பனைக் காடுகளிலும் எலிக்கு இதை வைத்தார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு 1955-இல் மாரடைப்பு வந்தபோது கொடுத்ததும் இதே மருந்துதான்! பயப்படாதீர்கள். அளவோடு சாப்பிட்டால் உயிரைக் காக்கும். அளவு கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும். அதனால்தான் 'ஐ.என்.ஆர்.' என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வால்வுக்காரர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள்.

புகைக்கும் மாத்திரைக்கும் என்ன உறவு?

சிகரெட்டோ, பீடியோ, எதுவானாலும் புகையிலை எரியும்போது தார் உண்டாகிறது. அந்தத் தாரிலுள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. முடுக்கிவிட்ட கல்லீரல் வார்ஃபரினின் ஒரு பகுதியை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. ஆகவே புகைப்பவருக்குச் சற்றுக் கூடுதல் மருந்து தேவைப்படும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு கணக்கு, அது சுமார் 12 விழுக்காடு கூடுதல் என்கிறது.

இப்போது ஒன்றை யோசியுங்கள். சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் அப்பா, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தவர். வெளியூரில் வேலை செய்யும் மகன், "இதில் புகை இல்லை, தார் இல்லை, இதற்கு மாறிவிடுங்கள் அப்பா" என்று ஒரு வேப் கருவியைக் கொடுக்கிறான். அப்பாவும் சிகரெட்டை விட்டுவிடுகிறார். வாயில் நிக்கோட்டின் போய்க்கொண்டிருப்பதால், உடம்பில் எதுவும் மாறவில்லை என்று நினைக்கிறார்.

ஆனால் கல்லீரலை முடுக்கியது நிக்கோட்டின் அல்ல, எரிந்த புகைதான். புகை நின்ற சில நாட்களிலேயே கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். நேற்றுவரை சரியாக இருந்த அதே மாத்திரை, இன்று கூடுதலாகிவிடலாம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தம்தான் சொல்லும்.

அப்படியானால் என்ன செய்வது?

"இதற்குப் பயந்து சிகரெட்டையே பிடிக்கலாமே" என்று மட்டும் எண்ணாதீர்கள். இரத்தக் குழாய்க்குச் சிகரெட்டைப் போன்ற பகை வேறில்லை. விடுவது நல்லதுதான், சொல்லிவிட்டு விடுங்கள். நிறுத்தப்போகும் தேதியை உங்கள் வார்ஃபரின் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரத்துக்குள் இரத்தம் பார்க்க நாள் கேளுங்கள். மீண்டும் புகைக்கத் தொடங்கினாலும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பல் ஈறில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, சிவந்த சிறுநீர், கறுத்த மலம் ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் இரத்தம் நிற்காமல் வடிந்தாலும், மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டாலும், திடீரென்று கடும் தலைவலி வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வலி இல்லையே என்று வீட்டில் படுத்திருப்பது ஆபத்து.

வேப் நல்லதா என்று கேட்பீர்கள். அதில் எரிபுகை இல்லை, உண்மை. ஆனால் நிக்கோட்டின் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்; பழக்கமும் விடாது. ஜோகூரில் 2016 ஜனவரி முதல் நாளிலிருந்தே வேப் விற்பனைக்குத் தடை வந்தது. நாடு முழுவதற்குமான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நீரை நெஞ்சுக்குள் இழுப்பதைவிட, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவி கேட்பது மேல். அங்கே கொடுக்கும் நிக்கோட்டின் மெல்லும் பசையும் ஒட்டும் பட்டையும் கல்லீரலை முடுக்குவதில்லை. ஆனாலும் சிகரெட் நின்றுவிட்டது என்பதை வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லியே ஆக வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பாட்டி சொன்ன சொல். வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் சிகரெட்டை விட்ட நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அடுத்த முறை கிளினிக் புத்தகத்தை எடுத்துச் செல்லும்போது, அவர் சொல்ல மறந்தாலும், நீங்கள் சொல்லுங்கள்.