கொல்லைத் தொட்டியில் ஒரு காவிரி!

நான், 36 வயது இல்லத்தரசி. பத்தாவது வரை படித்தவள். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில், பழைய காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. கணவருக்கு தனியார் கம்பெனியில் வேலை. ஒரே மகள், நான்காவது படிக்கிறாள்.

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே தீவு மாதிரி எங்கள் ஊர். இருந்தும், மூட்டு வலி வந்த பின், என் மாமியாரால் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்க முடியவில்லை. 'ஆத்துத் தண்ணியில காலை நனைச்சு மூணு வருஷமாச்சு...' என்று அடிக்கடி சொல்லி ஏங்குவார்.

போன வருஷம், ஒரு கல்யாணத்திற்கு போயிருந்தோம். மண்டப வாசலில், பானையில் இருந்து தண்ணீர் கொட்டுவது போல் அலங்காரம் வைத்திருந்தனர். என் மகளும், அவள் அப்பாயியும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. 'நம்ம வீட்லயும் இது மாதிரி வைம்மா...' என்று மகள் பிடித்துக் கொண்டாள்.

எங்கள் கொல்லையில், மாடு இருந்த காலத்தில் தண்ணீர் காட்டிய கல் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம். அதை தேய்த்து கழுவி, எட்டு குடம் தண்ணீர் ஊற்றி, செம்பருத்தி பூக்களை மிதக்க விட்டேன். பார்க்கவே அழகாக இருந்தது. பூ வாடினால் பூவை மாற்றுவேன். தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவேன். அவ்வளவு தான் எனக்கு தெரிந்தது.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம், மகளுக்கு காய்ச்சல். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்து பார்த்து, 'டெங்கு' என்று சொல்லி விட்டனர். ஆஸ்பத்திரியில் ஐந்து நாட்கள். குழந்தை துவண்டு கிடந்ததை நினைத்தால், இப்போதும் வயிற்றை பிசைகிறது.

வீடு திரும்பிய மறுநாள், வீடு வீடாக கொசுப்புழு பார்க்க வரும் பெண் வந்தாள். நேராக கொல்லைக்கு போய், டார்ச் அடித்து, 'அக்கா, இங்க வந்து பாருங்க...' என்றாள். பூவுக்கு அடியில், வளைந்து நெளிந்து, நூற்றுக்கணக்கில் புழுக்கள்!

'டெங்கு கொசு சாக்கடையில முட்டை போடாதுக்கா. இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் போடும், பகல்லதான் கடிக்கும்...' என்றாள். எனக்கு தூக்கி வாரிப் போட்டது. எந்த கொசு, எங்கே கடித்ததோ, யார் கண்டது? ஆனால், பெற்ற மனசு என்னைத்தான் குற்றவாளி ஆக்கியது.

'முதல்ல அந்த தொட்டிய உடைச்சுப் போடு...' என்று கத்தினார் கணவர். நானும் தலையாட்டினேன். தண்ணீரை கொட்டி கவிழ்த்தபோது, மாமியார் எதுவும் பேசாமல் உள்ளே போய் விட்டார். அது என்னவோ செய்தது.

அந்த பெண் அடுத்த முறை வந்தபோது, விடாமல் கேட்டு தெரிந்து கொண்டேன். முட்டை, புழுவாகி, கொசுவாக, எட்டு, பத்து நாட்கள் போதுமாம். தண்ணீரை கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள், தண்ணீர் இல்லாமலே பல மாதம் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்குமாம். அதனால், பிரஷ் போட்டு தேய்க்க வேண்டும். 'தண்ணி வெச்சே ஆகணும்னா, கப்பி மீன் விடுங்கக்கா. புழுவை எல்லாம் தின்னுடும்...' என்றாள்.

இந்த முறை, விஷயம் தெரிந்து செய்தேன்.

* தொட்டியை தேய்த்து கழுவி, குழாய் தண்ணீரை ஒரு நாள் முழுக்க திறந்து வைத்த பிறகே, ஆறு கப்பி மீன்களை விட்டேன். குளோரின் வாடை போகாமல் மீனை விட்டால் செத்து விடும்.

* பித்தளை குடத்தில் இருந்து தண்ணீர் கொட்ட வைக்க ஆசைப்பட்டேன். 'செம்பு, பித்தளை மீனுக்கு ஆகாது...' என்றார் மீன் கடைக்காரர். பழைய பொங்கல் பானையை ஒரு ராத்திரி ஊற வைத்து, கணவர் மெதுவாக டிரில் போட, விரிசல் விடாமல் அடியில் ஓட்டை விழுந்தது. அதன் வழியே டியூப் செருகி, பானையை சாய்த்து வைத்தோம்.

* ஏர் கூலருக்கு போடும் 18 வாட் மோட்டார் போதும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால், மாதத்திற்கு ஒரு யூனிட் தான் ஆகிறது. மோட்டார் எப்போதும் தண்ணீரில் முழுகி இருக்க வேண்டும்.

* தண்ணீரும், கரன்ட்டும் சேரும் இடம் என்பதால், எலக்ட்ரீஷியனை வைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சுவிட்ச் போட்டோம். பிளக்கை பிடுங்காமல் தொட்டியில் கை வைக்க மாட்டோம்.

* பானையில் இருந்து தள்ளி, வெயில் படும் ஓரமாக, களிமண் தொட்டியில் அல்லி கிழங்கு வைத்தேன். மேலே தண்ணீர் தெறித்துக் கொண்டிருந்தால் அல்லி பூக்காது.

* பக்கத்து வீட்டு கைக்குழந்தை தவழ்ந்து வரும் என்பதால், தொட்டிக்கு கம்பி வலை மூடி உண்டு. சாண் தண்ணீர் கூட குழந்தைகளுக்கு ஆபத்து.

* மீனோ, செடியோ அதிகமானால் ஆற்றிலும், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். உய்யக்கொண்டான் வாய்க்காலை ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதை, நம் திருச்சிக்காரர்கள் பார்த்திருப்பீர்களே!

மொத்த செலவு, 2,000 ரூபாய் சொச்சம்; அதில் பாதிக்கு மேல் அந்த சுவிட்சுக்கு தான். இன்றும் வாரம் ஒரு நாள், டார்ச் அடித்து பார்ப்பது என் மகளின் வேலை. 'ஒரு புழு கூட இல்லம்மா...' என்று அவள் சொன்னால் தான், எனக்கு நிம்மதி.

இந்த ஆடிப்பெருக்கு அன்று, மாமியாரை தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு எல்லாம் வைத்து கும்பிட்டோம். மஞ்சள், குங்குமத்தை, மீன் இருக்கும் தண்ணீரில் போடாமல், தனி சொம்பில் கரைத்தோம். மருமகள் என்ற முறையில், பானையில் இருந்து விழும் தண்ணீரை கையில் ஏந்தி, அவர் பாதத்தில் விட்டேன்.

'ஆத்துக்கு கூட்டிட்டுப் போக முடியலையே அத்தை...' என்றேன்.

'இது மட்டும் எங்கேர்ந்து வருதாம்? குழாயைத் திறந்தா வர்றதும் ஆத்துத் தண்ணிதானே...' என்றார், சிரித்துக் கொண்டே.

உண்மை தானே! காவிரி, கொள்ளிடம் ஆற்று மணலில் தோண்டிய கிணறுகளில் இருந்து தானே, நம் ஊர் குழாய்களுக்கு தண்ணீர் வருகிறது.

தோழியரே... வீட்டில் தண்ணீர் அலங்காரம் வையுங்கள். ஆனால், வைத்து விட்டு மறந்து விடாதீர்கள். தினமும் இரண்டு நிமிஷம் எட்டிப் பார்க்க முடியாதென்றால், அந்த தொட்டி கவிழ்ந்தே கிடக்கட்டும்!

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.