எங்கள் கொல்லைப் பலாவில் ஒரு கிடார்

2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி அடித்த வார்தா புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வாலாஜாபாத்தில் எங்கள் கொல்லையில் மாமியார் கையால் வைத்த பலா மரம் அன்றுதான் வேரோடு சாய்ந்தது. விறகுக்குப் போடலாம் என்று நினைத்தேன். தச்சு வேலை செய்த மாமனார் தடுத்துவிட்டார்.

"பலா, வீணை செய்யற மரம்மா. அடுப்புல வெக்காதே."

மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, வெடிக்காமல் இருக்க முனைகளில் பெயிண்ட் அடித்து, நடுநடுவே கட்டை கொடுத்துக் காற்றுப் போகும்படி பரணில் அடுக்கினார். மறு வருஷம் அவரும் போய்விட்டார்.

அந்தப் பலகை போன வருஷம்தான் கீழே இறங்கியது. அப்போது எங்கள் வீடு வீடாகவே இல்லை. மூத்தவன் என்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கு இரவு ஷிப்ட், இவனுக்குப் பகல் ஷிப்ட். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா", "அவனை விளக்கை அணைக்கச் சொல்லு" என்று எட்டு மாதம் நடுவில் தபால்காரி வேலை பார்த்தவள் நான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, கிடார் பண்ணப் போறேன்" என்றான். அதுவும் 'ஆர்ச்டாப்' கிடாராம். சாதாரண கிடாரில் முன்பலகை தட்டையாக இருக்கும். இதிலோ வயலின் மாதிரி நடுவில் மேடாக, கனத்த பலகையை உள்ளும் புறமும் செதுக்கி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் 1890-களில் இப்படிச் செய்தார். 1922-ல் அவர் பெயரிலுள்ள கம்பெனியின் எல்-5 கிடாரில் வயலினுக்கு உள்ளது போன்ற இரண்டு நீளத் துளைகளும் வந்தன.

அங்கே ஸ்புரூஸ், மேப்பிள் மரங்கள். நமக்குப் பலா இருக்கிறதே! தஞ்சாவூர் வீணையின் குடம் பலாக்கட்டையைக் குடைந்து செய்வதுதான். முழு வீணையையும் ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. 2013-ல் அந்த வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திண்ணையில் கொட்டாப்புளிச் சத்தம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள், தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். "அவன்கிட்ட சொல்லு, நாருக்கு எதிரா உளி போடக் கூடாதுன்னு." சொன்னேன். அவன் திருப்பிப் பிடித்தான். மறுநாள் மாமனாரின் உளிகள் தீட்டி, திண்ணையில் வைத்திருந்தன. யார் வைத்தது என்று இரண்டு பேரும் பேசவில்லை.

சின்னவளுக்கு வீசிங் உண்டு. அதனால் நானும் சட்டம் போட்டேன். மரத்தூள் பொல்லாதது, சகோதரிகளே. இருமல், இளைப்பைக் கிளப்பும். பல வருஷம் சுவாசித்தால் மூக்குக்குள் புற்றுநோய்கூட வரலாம். ஆகவே இழைப்பதும் தேய்ப்பதும் வெளியில்தான். முகத்துக்கு மாஸ்க். துடைப்பம் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தை பக்கம் வரலாம்.

முன்பலகை நடுவில் சுமார் ஆறு மில்லிமீட்டர், ஓரத்தில் மூன்று என்று கணக்கு. கனமாக விட்டால் ஓசை அமுங்கிவிடும். மெலிந்தால் கம்பியின் அழுத்தம் தாங்காது. செதுக்குவதும், விரலால் தட்டிக் கேட்பதுமாக வாரங்கள் ஓடின. ஒரு ராத்திரி பலகையை விளக்குக்கு எதிரே தூக்கினான். ஓரிடத்தில் மஞ்சளாக வெளிச்சம் தெரிந்தது. அளவுக்கு மேல் செதுக்கிவிட்டான்! அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஷிப்டுக்குக் கிளம்பி நின்றவர் செருப்பைக் கழற்றினார். பலகையை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டே? உள்பக்கம் ஒரு பட்டை ஒட்டிக்கலாம். உங்க தாத்தா எத்தனை கதவுக்கு ஒட்டியிருக்கார் தெரியுமாடா?"

எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு! நான் சமையலறையில் போய் அழுதேன்.

பதினோரு மாதத்தில் கிடார் முடிந்தது. கம்பியும் முடுக்காணியும் மட்டும் கடையில் வாங்கியவை. ஒட்டுப் போட்டது வெளியே தெரியவில்லை. கடைக் கிடார் மாதிரி பளபளப்பு இல்லை, ஆனால் கணீரென்று இருக்கிறது.

படிப்பை விட்டதில் அவருக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அதை இப்போது அவனிடமே சொல்லித் திட்டுகிறார். தபால்காரி வேலையை நான் ராஜினாமா செய்துவிட்டேன்!