காணி விபரமும் கணனிக் கட்டமும்

பாப்பாமோட்டையிலும் அயற்கிராமங்களிலும் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் காணி விபரத்தை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பார்கள்! முகாமில் ஒரு படிவம், 2009 இன் பின் மீள்குடியேற்றத்துக்கு ஒரு படிவம், நிவாரணத்துக்கு இன்னொன்று. அவற்றிற் பல கணனிக்குள் போயின. அங்கே அவை எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

எழுதுவினைஞரின் திரையில் மேற்பகுதியில் குடும்பத் தலைவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். கீழே ‘கிறிட்’ எனப்படும் கட்டம். வயற்காணிக்கு ஒரு வரி, மேட்டுக்காணிக்கு ஒரு வரி. படிவத்தை மைக்ரோசொப்ட் அக்சஸிலோ விஷுவல் பேசிக்கிலோ அமைத்திருந்தாலும், கட்டம் மட்டும் வேறொரு கம்பனியின் தயாரிப்பாக இருக்கலாம். 1995 இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 4 உடன் வந்த கட்டத்தையே ஏபெக்ஸ் என்ற கம்பனிதான் செய்து கொடுத்தது. அதைவிட வசதி கூடியதைத் தனியாகவும் விற்றது. உழவு இயந்திரத்தை ஓரிடத்திலும் அதன் பெட்டியை வேறொரு பட்டறையிலும் வாங்குவதில்லையா? அதுபோலத்தான். வசதி உண்டு. ஆனால் கொழுவி பொருந்தாவிட்டால் பெட்டி அசையாது.

ஓர் அலுவலகத்தில் புதிய கணனி வந்ததும் படிவத்தில் கட்டம் இருந்த இடம் வெறுமையாயிற்று. “உங்கள் பதிவுகள் அழிந்துவிட்டன” என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. நானும் அங்கு நின்றேன். உண்மையில் எதுவும் அழியவில்லை. பழைய 32 பிற் கட்டம் புதிய 64 பிற் அக்சஸில் இயங்காது, அவ்வளவுதான். விபரங்கள் கட்டத்தில் இல்லை, அதற்குப் பின்னாலுள்ள அட்டவணையில் இருக்கின்றன. பெட்டி பழுதானால் களஞ்சியத்து நெல் மூடைகள் காணாமற் போவதில்லையே! ஆகவே யாராவது அப்படிச் சொன்னால், “அட்டவணையை நேரே திறந்து பார்த்தீர்களா, ஐயா?” என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. சில கட்டங்கள் அட்டவணையோடு இணைக்கப்பட்டவை. ஒரு வரியைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனதும் திருத்தம் பதிவாகிவிடும். வேறு சில இணைக்கப்படாதவை. அவற்றில் திருத்தியதைத் திரும்பவும் அட்டவணையில் எழுதும் வேலையை நிரலை அமைத்தவர் தனியாகச் செய்திருக்க வேண்டும். அவர் மறந்திருந்தால், திருத்தம் திரையோடு போய்விடும். திரையிற் கண்டதை நம்பி வீடு திரும்ப வேண்டாம். படிவத்தை மூடித் திரும்பத் திறக்கச் சொல்லி, அச்சுத்தாள் ஒன்றும் கேட்டு வாங்குங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது பரப்பளவு. உத்தரவுப்பத்திரத்தில் 2-1-20 என்றிருந்தால் அது 2 ஏக்கர், 1 றூட், 20 பேர்ச். ஏக்கருக்கு 4 றூட், றூட்டுக்கு 40 பேர்ச். கட்டத்தில் மூன்று பத்திகள் இருந்தால் பிழை நேராது. ஏக்கர் என்று ஒரே பத்திதான் இருந்தால், அவசரத்தில் 2.12 என்று அடித்துவிடுவார்கள். சரியான கணக்கு 2.375. வித்தியாசம் ஏறத்தாழ 41 பேர்ச். ஒரு றூட்டுக்கும் அதிகம். கட்டமோ கொடுத்த எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளும். அச்சுத்தாள் கைக்கு வந்ததும் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், உத்தரவுப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து இந்தப் பத்தியை ஒப்பிட்டுப் பாருங்கள்.