உங்களுக்குத் தெரியுமா? அசலோடு சேர்ந்தே வளர்ந்த நகல் மோனாலிசா

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் சாதாரண நகலாகக் கருதப்பட்டுவந்த மோனாலிசா ஓவியம், லியனார்டோ டா வின்சி அசலைத் தீட்டிக்கொண்டிருந்தபோதே அவருடைய பட்டறையைச் சேர்ந்த ஒருவரால் உடனுக்குடன் பார்த்து வரையப்பட்டது என்னும் முடிவை அவ்வருங்காட்சியகம் 2012இல் வெளியிட்டது.

• வண்ணப் படலத்தை ஊடுருவி அடியிலுள்ள கோடுகளைக் காட்டும் அகச்சிவப்புக் கதிர்ப் பதிவில், லியனார்டோ முதலில் வரைந்து பின்னர் மாற்றிய இடங்கள் நகலிலும் அவ்வாறே மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. முடிவுற்ற ஓவியத்தை மட்டும் கண்ட ஒருவர் மறைந்துபோன அத்திருத்தங்களை அறிந்திருக்க வழியில்லை என்பதால், இதுவே வலுவான சான்றாகிறது.

• பிற்காலத்தில் பின்னணியின்மேல் பூசப்பட்டிருந்த கறுப்பு வண்ணம் நீக்கப்பட்டபோது, அசலில் உள்ளது போன்ற நிலக்காட்சி வெளிப்பட்டது. அசலில் இன்று புலப்படாத புருவங்களும் இதில் தெளிவாக உள்ளன.

• அசல் பாப்லர் மரப்பலகையிலும், நகல் வால்நட் மரப்பலகையிலும் தீட்டப்பட்டவை.

• நகலெடுத்தவரின் பெயர் உறுதியாகவில்லை. விளிம்புக்கோடு தெரியாமல் ஒளியையும் நிழலையும் ஒன்றில் ஒன்று கரையச் செய்யும் ஸ்பூமாட்டோ என்னும் எண்ணெய் வண்ண உத்தியில் அவர் ஆசானை எட்டவில்லை என்பது மட்டும் பார்த்தவுடனே புலப்படும்.

• அசல் மோனாலிசா உள்ள பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், அனுமதி பெற்று அசல் ஓவியங்களின் முன்னிருந்து நகலெடுத்துப் பயிலும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால், நகல் அசலின் அதே அளவில் இருக்கக் கூடாது.