ஒசாகா போகும் வணிகர்களே, கடைத்தெருவைப் பார்த்து வாருங்கள்

நம் பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்துக்கு ஜப்பான் இப்போது எட்டாத தேசம் அல்ல. 2010-ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலை தொடங்கிய பிறகு, ஜப்பானியர் நம் கடைப் படி ஏறுவது வழக்கமாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளும் பயிற்சிக்கும் வேலைக்கும் அங்கே போகிறார்கள். பிள்ளையைப் பார்க்கவும் சரக்கு பார்க்கவும் வணிக அன்பர்கள் சிலர் ஒசாகா போய் வருகிறார்கள். வந்தவர்களைக் கேட்டால் கோட்டை போட்டோவும், டோட்டன்போரி விளக்குப் பலகை போட்டோவும் காட்டுகிறார்கள். வியாபாரி போய்ப் பார்க்க வேண்டிய ஒசாகா வேறு. அங்கே குடியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சொன்னதையும், நாம் நேரில் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒசாகா வணிகர்களின் ஊர். 1603 முதல் 1868 வரையிலான எடோ காலத்தில் அதற்கு ‘நாட்டின் அடுப்படி’ என்று பெயர். பல பிரபுக்களின் அரிசி அங்கே வந்து இறங்கி, விலை தீர்ந்து, நாடெங்கும் போனது. அந்தக் காலத்தில் ஊரில் சுமார் 200 பாலங்கள் இருந்தன. அவற்றில் அரசாங்கம் கட்டிப் பராமரித்தவை 12 மட்டுமே. மற்றவை ஊர் மக்களும் வணிகர்களும் தங்கள் செலவில் போட்டவை. எல்லோரும் போட்டோ எடுக்கும் கோட்டை மாளிகைகூட 1931-இல் நகர மக்கள் நன்கொடை கொடுத்து, கான்கிரீட்டில் திரும்பக் கட்டியதுதான்.

பழுப்பு நிற ரயில்

ஒசாகா போகிறவர்கள் சிவப்பு நிற மிதோசுஜி பாதையில்தான் நெரிசலில் ஏறுவார்கள். நீங்கள் பழுப்பு நிற சகாய்சுஜி பாதையில் ஏறுங்கள். 1969-இல் திறந்த இந்தச் சுரங்க ரயில் பாதையிலேயே வணிகர் பார்க்க வேண்டிய இடங்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக வருகின்றன. நிலையங்களில் நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில்லுங்கள். டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம்.

முதல் இடம் தென்ஜின்பாஷி சுஜி. 2.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் கடைத்தெரு, கடைகள் சுமார் 600. வெயில், மழை தெரியாதபடி மேலே கூரை. செருப்புக் கடை, தேநீர்க் கடை, கத்திக் கடை, பழைய புத்தகக் கடை எல்லாம் உண்டு. வெளியூர்க் கூட்டத்தைவிட உள்ளூர்ப் பெண்கள் கூடையோடு வருவதே அதிகம். தெருவின் வடமுனையில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் குடியிருப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. 1830-களின் ஒசாகாத் தெருவை, மருந்துக் கடை, துணிக் கடையோடு உள்ளே நடந்து போகிற அளவில் அப்படியே கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அந்தக் கூரையை நிமிர்ந்து பாருங்கள். அதைப் போட்டதும் பராமரிப்பதும் கடைக்காரர் சங்கங்கள். தெருவின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சங்கம் உண்டு. இப்படிக் கடைத்தெருக்கள் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்துகொள்ள ஜப்பானில் 1962-இல் தனிச் சட்டமே வந்தது.

கிதஹமா: அரிசியும் மருந்தும்

அடுத்து கிதஹமா நிலையத்தில் இறங்குங்கள். ஆற்றோரமாக மேற்கே நடந்தால் தோஜிமா. அங்கே நடந்த அரிசி வியாபாரத்துக்கு 1730-இல் அரசு அங்கீகாரம் கொடுத்தது. சரக்கு கைக்கு வராமலே, பின்னால் வரப்போகும் அரிசிக்கு விலை பேசிக் கணக்கில் தீர்த்துக்கொண்டார்கள். இன்றைய முன்பேர வியாபாரத்துக்கு அதுதான் முன்னோடி. போகும் வழியில் ஆற்றின் நடுத் திட்டில் சிவப்புச் செங்கல் பொது மண்டபம் ஒன்று தெரியும். ஒரு பங்குத் தரகர் 1911-இல் 10 லட்சம் யென் நன்கொடை கொடுத்துக் கட்டத் தொடங்கியது அது. 1918-இல் முடிந்தது. வியாபாரத்தில் நொடித்துப்போன அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே தோஷோமாச்சி இருக்கிறது. மருந்து மொத்த வியாபாரிகளின் தெரு. இன்று உலகம் அறிந்த தகேதா மருந்து நிறுவனம் 1781-இல் இங்கே சிறு கடையாகத்தான் தொடங்கியது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்துக்குள் மருந்து வணிகர்களின் கோயில் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் அங்கே போவதில்லை. அந்த வட்டாரத்தில்தான் 1724-இல் ஐந்து வணிகர்கள் பணம் போட்டு, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம் என்று கைதோகுதோ என்ற பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

சாலைக்குக் கீழே ஒரு மொத்தக் கடைத்தெரு

நம் உறுப்பினர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அடுத்த நிலையமான சகாய்சுஜி ஹொம்மாச்சி. மேலே விரைவுச் சாலை. அதன் வயிற்றுக்குள் 10 கட்டடங்கள் வரிசையாக ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம். அதற்கும் கீழே சுரங்க ரயில். 1970-இல் திறந்த செம்பா சென்டர் பில்டிங் இதுதான். துணி, ஜமுக்காளம், பை, ஆயத்த ஆடை எல்லாம் மொத்தமாகக் கிடைக்கும். ‘சில்லறை இல்லை’ என்று எழுதியிருக்கும் கடைக்குள் நுழைய வேண்டாம். பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. விலாசச் சீட்டை இரண்டு கையாலும் கொடுத்து, அவர் கொடுப்பதையும் இரண்டு கையாலும் வாங்கிப் படித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டடம் வந்த கதையைக் கேளுங்கள். செம்பா பழைய துணி வியாபாரிகளின் பேட்டை. அதன் குறுக்கே பெருஞ்சாலை போட வேண்டி வந்தபோது கடைகள் இடிபடும் நிலை. இடம் இழந்தவர்களுக்குச் சாலைக்குக் கீழேயே கடை கட்டிக் கொடுத்தார்கள். சாலையும் வந்தது, பேட்டையும் கலையவில்லை.

நிப்பொன்பாஷி, எபிசுசோ

நிப்பொன்பாஷியில் குரோமோன் மார்க்கெட் பெயர் பெற்றது. ஆனால் இப்போது அங்கே சுற்றுலா விலை. உள்ளூர்க்காரர்கள் விடியற்காலையில் தாய்கோகுசோ பக்கம் கிஸு மொத்த மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். நம்மைப் போன்றவர்களையும் உள்ளே விடுவார்கள். நிப்பொன்பாஷியிலிருந்து நடக்கிற தூரத்தில் 150 மீட்டர் நீளத்துக்குத் தோகுயாசுஜி என்ற பாத்திரக் கடைத் தெரு இருக்கிறது. ஓட்டல் வைக்க வேண்டிய கத்தி, வாணலி, பெயர்ப் பலகை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் பலகாரம் வரை ஒரே தெருவில் வாங்கி முடிக்கலாம்.

கடைசியாக எபிசுசோ நிலையம். பக்கத்தில் இமாமியா எபிசு கோயில். எபிசு வணிகர்களின் தெய்வம். ஜப்பானின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் நம் சரஸ்வதியும் குபேரனும் பெயர் மாறி இருக்கிறார்கள். எபிசு மட்டும் அந்த மண்ணிலேயே பிறந்தவர். நம் பொங்கலுக்குச் சற்று முன், ஜனவரி 9, 10, 11 தேதிகளில் வியாபாரம் செழிக்க வேண்டி லட்சக்கணக்கானோர் வந்து மூங்கில் கிளை வாங்கிப் போவார்கள். எபிசுவுக்குக் காது மந்தம் என்பது நம்பிக்கை. அதனால் கோயிலின் பின்பக்கம் போய்த் தட்டி, வந்த சேதியைச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

சில சில்லறைக் குறிப்புகள்

ஒசாகாவின் பழைய வணிகர் வணக்கம் ‘மோகரிமக்கா’, அதாவது ‘லாபம் வருகிறதா?’ என்பது. ‘போச்சி போச்சி’, ‘ஏதோ ஓடுகிறது’ என்பது பதில். இளைஞர்கள் இப்படிப் பேசுவது குறைவு, ஆனால் நீங்கள் சொன்னால் வயதான கடைக்காரர் சிரித்துவிடுவார். மலிவாக வாங்கியதைப் பெருமையாகச் சொல்லும் ஊர் அது. பணத்தைக் கையில் நீட்டாமல் கல்லாவின் முன் இருக்கும் தட்டில் வையுங்கள். சைவர்கள் கவனிக்கவும்: காய்கறிச் சாற்றிலும் மீன் கருவாட்டுச் சாறு சேரும். பருப்புப் பொடி கையில் இருக்கட்டும். அரை மணி ரயில் தூரத்தில் கோபே. அங்கே இந்திய முத்து வணிகர்கள் வாழ்கிறார்கள், 1985-இல் கட்டிய ஜைனக் கோயிலும் உண்டு. இந்தியச் சாப்பாட்டுக்கு அங்கே கஷ்டமில்லை.

எல்லாம் சுகமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் சிற்றூர்களில் கதவு இழுத்து மூடிய கடைத்தெருக்கள் ஏராளம். பெருங்கடைகளைக் கட்டுப்படுத்த 1973-இல் சட்டம் வந்தது. 2000-இல் அது போயிற்று. சட்டத்தை மட்டும் நம்பிய தெருக்கள் பல தேய்ந்தன. கூரையையும் விளக்கையும் திருவிழாவையும் சேர்ந்து நடத்தி, பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்ட தெருக்களில் பல இன்னும் நிற்கின்றன.

எனவே அடுத்து ஒசாகா போகிற உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இது. கூரைக்குச் சந்தா எப்படிப் பிரிக்கிறார்கள், கொடுக்காதவரை என்ன செய்கிறார்கள், செம்பாவில் யாருக்கு எந்த அளவில் கடை ஒதுக்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். நம் பக்கத்தில் சாலை அகலமாகும்போதெல்லாம் கடையின் முன்பாகம் போகிறது. ஆளுக்கொரு மனுவோடு நஷ்டஈட்டுக்கு அலைகிறோம். அடுத்த முறை அளவுக்கல் நடும் முன்பே, ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பணத்தோடு மாற்றுக் கடைக்கான இடத்தையும் கேட்போம்.