ஒரே செருகி

கைத்தொலைபேசியை மாற்றியவர் மின்னேற்றியையும் மாற்றவேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. ஒரு நிறுவனத்தின் செருகி மற்றொன்றின் கருவிக்குப் பொருந்தாது. 2009ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் 30இற்கு மேற்பட்ட மின்னேற்றி வகைகள் வழங்கின. பயனற்றுக் கிடந்தவை கழிவாய்க் குவிந்தன.

அவ்வாண்டில், ஐரோப்பிய ஆணைக்குழுவின் முயற்சியால், பெருநிறுவனங்கள் 'மைக்ரோ யூ.எஸ்.பி.' என்னும் பொதுவகையை ஏற்க உடன்பட்டன. ஆயினும் அவ்வுடன்பாடு சட்டமன்று. இடைப்பொருத்தி ஒன்றை வழங்கினாற்போதும் எனவும் அது இடமளித்தது. அதில் ஒப்பமிட்ட ஆப்பிள் நிறுவனமே 2012இல் 'லைட்னிங்' என்னும் தனிச் செருகியைக் கொணர்ந்தது.

ஈற்றில், 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றிற்று. மறுவருடம் ஆப்பிளின் புதிய கைத்தொலைபேசிகளும் 'யூ.எஸ்.பி. சி' வகைக்கு மாறின. 2024 டிசம்பர் 28 முதல், அங்கு சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளில் கம்பிவழி மின்னேற்றத்துக்கு அவ்வகையே கட்டாயமாயிற்று. வணிகரின் நல்லெண்ணத்தால் முற்றுப்பெறாத பொதுமை, சட்டத்தின் துணையாற் கைகூடிற்று.